மூன்றாவது காஜா

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது கடல்தான். இருநூற்றுப் பத்து தையல் மிஷின்கள் ஒரே கூரைக்குக் கீழே ஓடும் சத்தம் ஒரு சுவரைத் தாண்டி வரும்போது, இரும்பும் ஊசியும் அதிலிருந்து உதிர்ந்துபோய் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சும். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ரயில் பாதை ஓரமாக இருந்த அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியின் குழந்தைகள் அறை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு எட்டுக் குழந்தைகளும் பாயில் தூங்கும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் துகள்கள் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சத்யபிரியாவுக்குத் தான் வேலையில் இருக்கிறோமா, இல்லை எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறோமா என்றே தெரியாமல் போய்விடும்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தாள். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களே கிடையாது. அப்பா சுப்பராயலு சேலையூர் கேம்ப் ரோட்டில் மீன்பாடி வண்டியில் சிமென்ட் மூட்டை அடிக்கிறவர். பட்டம் கைக்கு வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு போய் லேமினேஷன் போட்டு, ஃப்ரேமும் மாட்டி, டிவிக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டார். ஒரிஜினலை லேமினேட் செய்யக் கூடாது, கவர்ன்மென்ட் வேலைக்குப் போனால் கேட்பார்கள் என்று அவளுக்கும் தெரியாது. சொல்வதற்கு வீட்டில் வேறு ஆளும் இல்லை. ஒரு வங்கித் தேர்வு, ஒரு க்ரூப் ஃபோர், இன்னொரு வங்கித் தேர்வு என்று எழுதிக்கொண்டே இருந்தபோதுதான் 'ஹெச்.ஆர். அசிஸ்டென்ட் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கம்பெனிக்குப் போனாள்.

ஹெச்.ஆர். மேனேஜர் வேதசிரோமணி நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"இப்போதைக்கு க்ரெச்சைப் பாத்துக்கோம்மா. பையர்ஸ் வந்தா படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கணும்னு எதிர்பார்க்கறாங்க. அப்புறம் ஆபீஸ் சைட்ல பாக்கலாம்."

அந்த 'அப்புறம்' ஏழு மாதமாக வரவில்லை.

அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் மரக்கட்டைகள், வளையங்கள் கோர்க்கும் கம்பு, ஓட்டையில் பொருத்தும் வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன. சாவி வேதசிரோமணியிடம். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற அன்று காலையில் உறைகளைப் பிரிப்பார்கள், சாயங்காலம் துடைத்துத் திரும்ப உறையில் போட்டுப் பூட்டுவார்கள். நடுவில் அந்த நாலு மணி நேரம் குழந்தைகள் விளையாடியாக வேண்டும். ஆனால் அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. போன முறை வந்த வெள்ளைக்காரம்மா குனிந்து சிரித்தபோது, ஒரு குழந்தை முக்கோணத்தை அவளுக்குச் சாப்பிடக் கொடுத்தது. மற்ற நாட்களில் அலமாரிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பதுதான் விளையாட்டு. கண்ணாடியில் எட்டு மூக்குகளின் தடம் இருக்கும். ஆயா அங்காளம்மா தினமும் அதைத் துடைப்பாள்.

"இன்னா மிஸ்ஸு, கோயில்ல சாமி பாக்கிற மாதிரி பாக்குதுங்க. தீபாராதனை ஒண்ணுதான் பாக்கி" என்பாள்.

ரிஜிஸ்டரில் 'இன்றைய செயல்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. சத்யபிரியா தினமும் அதில் 'டாய்ஸ், ரைம்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். முதல் வாரம் எழுதும்போது கை கூசியது. அப்புறம் கூசவில்லை. கூசாமல் போனதை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

எட்டுப் பேரில் விக்கி மட்டும் கண்ணாடிப் பக்கம் போக மாட்டான். இரண்டே முக்கால் வயது. ஒல்லியான பையன், காதுகள் மட்டும் பெரிது. அவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அந்தக் கடலைக் கேட்டுக்கொண்டிருப்பான். திடீரென்று "டர்ர்ர்ர்… டக்" என்பான், தனக்குள்ளேயே, ரகசியம் மாதிரி. அது என்ன என்று சத்யபிரியாவுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு நாள் மிஷின்கள் ஓடும் லைனுக்குள் ஏதோ கையெழுத்து வாங்கப் போனபோதுதான் தெரிந்தது. அவன் அம்மா அஞ்சலி காஜா மிஷின் ஆபரேட்டர். பட்டன் போவதற்கு ஓட்டை போடுகிற மிஷின் அது. ஓட்டையைச் சுற்றி "டர்ர்ர்ர்" என்று நூல் ஓடும், கடைசியில் "டக்" என்று சின்னக் கத்தி விழுந்து துணியைக் கிழிக்கும். இருநூற்றுப் பத்து மிஷின்களின் இரைச்சலுக்குள் அந்தப் பையன் தன் அம்மாவைத் தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காலை பத்தரைக்கு டீ பெல் அடிக்கும். பத்து நிமிஷம். அம்மாக்கள் நீலநிற ஓவர்கோட்டோடு ஓடிவந்து குழந்தைகளைத் தூக்குவார்கள். விக்கி ஓடிப்போய் மடியில் ஏறி, உடனே அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பான். இரண்டாவது பெல் அடித்ததும் அஞ்சலி அவனை இறக்கிவிட்டு எழுவாள். அவன் அலறுவான். கோட்டைப் பற்களால் கடித்துக்கொண்டு தொங்குவான். விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு அவள் லைனுக்குப் போய்ச் சேரும்போது ஐந்து நிமிஷம் தாமதமாகியிருக்கும்.

"ரெண்டு வாட்டி லேட்டுன்னு கோதண்டம் சார் எழுதிட்டாரு மிஸ்" என்றாள் அஞ்சலி ஒரு நாள். கோதண்டம் என்பவர் லைன் சூப்பர்வைசர். "இன்னொரு வாட்டி எழுதினார்னா காஜாவுலேர்ந்து தூக்கி ஹெல்பரா போட்ருவாரு. நூல் வெட்டிக்கினு நிக்கணும். இந்த மாசத்துக்குள்ள இவன் அடங்கலன்னா எங்க நாத்தனார் வூட்ல கொண்டு போய் வுட்டுட வேண்டியதுதான்."

நாத்தனார் கங்கம்மா கேளம்பாக்கம் தாண்டி ஒரு குப்பத்தில் இருந்தாள். கரையில் மீன் எடுத்து விற்கிறவள், குழந்தை கிடையாது.

"அவங்க நல்லா பாத்துப்பாங்களா அக்கா?"

"பாத்துப்பா, உசுரா பாத்துப்பா. அதான் பயமே" என்றாள் அஞ்சலி. "மாசம் ஒரு தபா போய்ப் பாத்தா, அப்புறம் எவ அம்மான்னு அவனுக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டுக் கோட்டின் ஐந்து பட்டன்களையும் மேலிருந்து கீழே வரை தடவிச் சரிபார்த்துக்கொண்டு போனாள். கோட்டு திறந்திருந்தால் லைனுக்குள் விடமாட்டார்கள்.

அந்தத் தடவலைப் பார்த்தபோதுதான் சத்யபிரியாவுக்கு ஏதோ இடறியது. அடுத்த நாள் டீ நேரத்தில் அவள் விக்கியின் முகத்தைப் பார்க்காமல் அவன் கைகளை மட்டும் பார்த்தாள். அவன் கோட்டை இழுக்கவில்லை. பட்டனைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். நகம் வைத்து நோண்டினான், இழுத்தான், வாயால் பிடித்தான். வராதபோது அடுத்த பட்டனுக்குப் போனான். அஞ்சலி அது தெரியாமலேயே அவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு டீயை ஊதிக் குடித்தாள்.

மத்தியானம் அங்காளம்மாவிடம் கேட்டாள். "அஞ்சலி அக்கா அந்தக் கோட்டை எங்க கழட்டுவாங்க?"

"சாயங்காலம் கேட்டாண்ட. கோட்டக் கழட்டி மாட்டிட்டு, புள்ளையத் தூக்கிக்கினு வூட்டுக்குப் போவா. ஏன் மிஸ்ஸு?"

கோட்டு கழன்றால் அம்மா வீட்டுக்கு வருவாள், பூட்டியிருந்தால் அம்மா போய்விடுவாள். அந்தப் பெரிய காதுகளுக்கு நடுவில் இருந்த கணக்கு இவ்வளவுதான் போலிருந்தது. மூன்று வருஷம் கணக்குப் படித்தவளுக்கு அது புரிய ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவனுக்குப் பட்டன் கழற்றக் கற்றுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு குழந்தை இவ்வளவு வேண்டும் வேண்டும் என்கிற ஒன்றை, முடிகிறதோ இல்லையோ, அவன் கையிலேயே கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஆனால் கற்றுக்கொடுப்பது எப்படி? சாயங்காலம் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கைப்பையின் மூடியில் இருந்த பட்டனைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். விரல்கள் அவளைக் கேட்காமலேயே செய்து முடித்துவிட்டன. மறுபடியும், இன்னும் மெதுவாக. இடது கை காஜாவின் ஓரத்தைப் பிடிக்கிறது. வலது கை பட்டனைச் சாய்க்கிறது. பாதி உள்ளே போனதும் இரண்டு கையும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. அந்த மாற்றிக்கொள்ளும் இடம்தான் கஷ்டம். அதை இரண்டு வயதில் அவளுக்கு யார் காட்டினார்கள்? நினைவில் ஒன்றும் இல்லை. தாம்பரம் மார்க்கெட், மேம்பாலம், சேலையூர் ஏரி எல்லாம் ஜன்னலுக்கு வெளியே நழுவிக்கொண்டிருந்தன. மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தும்பி போல ரீங்காரமிட்டுப் போனது. அவள் கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டிருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது.

"தங்கச்சி, பை ரிப்பேரா?" என்றார் கண்டக்டர்.

திங்கட்கிழமை காலையில் கோதண்டத்திடம் ரிஜெக்ட் துணி கேட்டாள். அந்த மாதம் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தது குழந்தைகளின் குளிர் ஜாக்கெட். எந்த ஊர்க் குழந்தைகளுக்கோ, ரூபாய் நாணயம் அளவுக்குப் பெரிய பட்டன்களோடு.

"ரிஜெக்ட்டா? அதோ பொட்டி கீது பார், எடுத்துக்கோ" என்று கோதண்டம் கையை எங்கோ நீட்டிவிட்டுப் போனார்.

அங்கே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. சத்யபிரியா ஒரு நொடி யோசித்தாள். பள்ளியிலிருந்து கல்லூரி வரை ஃபெயிலானவர்களின் மார்க்கைச் சிவப்பு மையில்தான் எழுதினார்கள். ரிஜெக்ட் என்றால் சிவப்புதான். அதிலிருந்து நாலு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றும் மறுநாளும் அந்த அறை வேறு அறையாக இருந்தது. பாயில் நாலு ஜாக்கெட்டை விரித்து, அவள் ஒன்றும் பேசாமல் ஒரு பட்டனை மெதுவாக, பஸ்ஸில் பழகிய வேகத்தில், கழற்றிக் காட்டினாள். எட்டுத் தலைகள் குனிந்தன. கண்ணாடியில் மூக்குத் தடம் விழவில்லை. கன்னத்தில் எச்சில் ஒழுக, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு பட்டனோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அங்காளம்மாகூட விளக்குமாறை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"சத்தத்தையே காணோமே! தூங்குதுங்களான்னு பாத்தா வேல பாக்குதுங்க. பீஸ் ரேட்டு குடுக்கச் சொல்லு மிஸ்ஸு."

விக்கி ஒரே ஜாக்கெட்டை யாருக்கும் விடாமல் வைத்திருந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் இடது கை, வலது கை வேலையை முதல் முறையாக வாங்கிக்கொண்டது. பட்டன் வெளியே வந்தது. அவன் சிரிக்கவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டு, மறுபக்கம் எட்டிப் பார்த்த தன் விரல் நுனியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கடல் நின்றது.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும். இது அப்படி இல்லை. ஒவ்வொன்றாக மிஷின்கள் அடங்கி, மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. விக்கி சுவரைப் பார்த்தான். அங்காளம்மா வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"ஊசி மொன காணோமாம். காஜா மிஷின்ல சனிக்கெழம ஊசி ஒடஞ்சிதாம். ஒடஞ்ச துண்டு அத்தனையும் ரிஜிஸ்டர்ல ஒட்டணும் இல்ல? மொன மட்டும் கெடைக்கல. அந்தத் துணிக் கட்ட அப்படியே செவப்புப் பொட்டில தனியா வச்சிருந்தாங்களாம். இன்னிக்கு ஊசி தேடுற மிஷின்ல வுட்டுப் பாக்கலாம்னு எண்ணினா நாலு பீஸ் கொறையுதாம். அத்தினி பேரையும் சோதனை போட்றாங்க."

சத்யபிரியா முதலில் ஜாக்கெட்டுகளை எடுக்கவில்லை. குழந்தைகளின் கைகளைத்தான் எடுத்தாள். எட்டு ஜோடிக் கை, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். விளையாட்டு என்று நினைத்து அவர்கள் ஆ என்று காட்டினார்கள். ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் நாலு ஜாக்கெட்டையும் கைநீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு லைனுக்குள் ஓடினாள்.

ஊசி கண்டுபிடிக்கிற மிஷின் ஒரு சின்ன மேஜை மாதிரி இருக்கும். துணியைப் பட்டையில் வைத்தால் நகர்ந்துபோய் மறுபக்கம் விழும். முதல் ஜாக்கெட் போனது. இரண்டாவது போனது. மூன்றாவது உள்ளே போனதும் சிவப்பு விளக்கு எரிந்து பீப் என்றது. பட்டை நின்றுவிட்டது. கோதண்டம் அதை எடுத்துத் தையலைப் பிரித்தார். மேலிருந்து மூன்றாவது காஜாவின் ஓரத்தில், இரண்டு மடிப்புக்கு நடுவில், எறும்பின் கால் அளவுக்கு ஒரு மின்னல் இருந்தது. பட்டனில் எச்சில் காய்ந்த தடம். இரண்டு நாளாக விக்கி மடியில் வைத்திருந்த ஜாக்கெட் அது.

உடைந்த ஊசி அஞ்சலியின் மிஷினுடையது. முனை கிடைக்கவில்லை என்று மறைக்காமல் சொல்லி, துணிக்கட்டைச் சிவப்புப் பெட்டிக்கு அனுப்பியவளும் அவள்தான். அவள் தன் மிஷினுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

வேதசிரோமணி குரலை உயர்த்தவில்லை. "சிவப்புப் பெட்டின்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"ஃபெயிலானதுன்னு நெனச்சேன் சார்."

"ஆபத்தானதும்மா." மெமோவை நீட்டினார். "அடுத்த தடவை மெமோ கிடையாது, வீட்டுக்குத்தான். இனிமே கம்பெனித் துணி ஒரு முழம்கூட, ஒரு நூல்கூட அந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. குழந்தைங்க என்ன கேட்டுச்சு உன்னை? சும்மா பாத்துக்கிட்டா போதாதா?"

போதாது என்று நினைத்ததால்தானே இது நடந்தது. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காதே என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தன.

சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலி வந்தாள். விக்கியை மடியில் போட்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"படிச்சவதானே நீ? எழுதப் படிக்கத் தெரியாத நானே அந்தப் பொட்டியத் தொட மாட்டேன்."

"தப்புதான் அக்கா. கேட்டிருக்கணும். கேக்காம எடுத்தது என் தப்பு."

"என் ஊசி" என்றாள் அஞ்சலி, தனக்குத்தானே. "என் மிஷின்ல ஒடஞ்சது, சுத்திச் சுத்தி என் புள்ள மடிக்கே வந்து நின்னுகினு கீது பாரு." அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம நாத்தனார் வூட்ல வுட்டுர்றேன். போன் பண்ணிச் சொல்லணும். அங்க மணல்தான் கீது. ஊசி இல்ல."

வியாழக்கிழமை அறை பழையபடி ஆனது. கண்ணாடியில் மூக்குகள் திரும்பி வந்தன. சத்யபிரியா ரிஜிஸ்டரில் 'டாய்ஸ், ரைம்ஸ்' எழுதப் போய், பேனாவை மூடி வைத்துவிட்டாள். கட்டம் காலியாகவே இருந்தது.

மத்தியானம் குழந்தைகள் தூங்கினார்கள். கூரைத் தகரம் வெயிலில் மெல்ல முனகியது. துகள்கள் மிதந்தன. அவள் விக்கியின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தப் பாயில் ஏழு பேர்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தாள். தூங்குகிறவனின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு மேலே மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. இடது கை எதையோ பிடித்தது. வலது கை எதையோ சாய்த்தது. பிறகு இரண்டும் வேலையை மாற்றிக்கொண்டன. கண்ணுக்குத் தெரியாத பட்டன் ஒன்று கழன்றது. அடுத்தது. அடுத்தது. ஐந்தோடு நின்றன. ஜாக்கெட்டில் நாலு பட்டன்தான். அம்மாவின் கோட்டில் ஐந்து.

அன்றைக்குச் சாயங்காலம் கேட்டில் அஞ்சலிக்காகக் காத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. கம்பெனித் துணி எதையும் நான் தொட மாட்டேன். நாளைக்கு டீ பெல்லுக்கு வரும்போது உங்க கோட்டுல அவன் கைய வச்சா தட்டிவிடாதீங்க. அவ்ளோதான்."

"எதுக்கு?"

"அவன் கோட்டைக் கழட்டினா நீங்க போகமாட்டீங்கன்னு நெனக்கிறான்."

அஞ்சலி கோட்டின் ஓரத்தை மேலிருந்து கீழே வரை இரண்டு விரலால் அழுத்தி நீவிப் பார்த்தாள். தையல் மடிப்பு ஒவ்வொன்றாக. ஊசி தேடினாள்.

"கழட்டினாலும் நான் போய்த்தானே ஆவணும் மிஸ்?"

"ஆமா."

"அப்ப ஜாஸ்தியாதானே அழுவான்?"

"தெரியல அக்கா. நெசமா தெரியல."

வெள்ளிக்கிழமை அவள் தட்டிவிடவில்லை. டீயைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உட்கார்ந்தாள். விக்கி மேல் பட்டனைக் கழற்றினான். கோட்டுப் பட்டன் சின்னது, காஜா இறுக்கம். இரண்டாவதில் இருக்கும்போதே பெல் அடித்துவிட்டது. அன்றைக்கு அவன் அழுத அழுகை லைன் வரைக்கும் கேட்டது. அஞ்சலி போகும்போது திரும்பி, "பாத்தியா?" என்று மட்டும் சொன்னாள். ஆனால் ஓடியதால் தாமதமாகவில்லை.

சனிக்கிழமை. பெல் அடித்ததுமே வந்துவிட்டாள். டீயே எடுத்துவரவில்லை. கால் நீட்டி உட்கார்ந்தாள். விக்கி மடியில் ஏறவில்லை. எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தான். முதல் பட்டன் கழன்றது. இரண்டாவது. மூன்றாவதில் காஜா இறுகிப் பிடித்தது. அஞ்சலியின் கை தன்னையறியாமல் உதவிக்கு எழுந்தது. சத்யபிரியா வேண்டாம் என்று தலையசைத்தாள். கை திரும்பப் போனது. மற்ற அம்மாக்களும் ஊட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூன்று கழன்றது. நாலு. ஐந்தாவதற்கு அவன் குனிந்து, நெற்றி அம்மாவின் வயிற்றில் முட்ட, மூச்சு இரைக்க வேலை செய்தான். கழன்றது.

கோட்டு இரண்டு பக்கமும் விலகி உள்ளே அஞ்சலியின் மஞ்சள் புடவை தெரிந்தது. அவன் அதைத் தொட்டான். அம்மா முகத்தைப் பார்த்தான். "அட, எங்கப்பன்" என்று அஞ்சலி சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் வாசலைக் காட்டினான். வீட்டுக்குப் போகலாம் என்று.

இரண்டாவது பெல் அடித்தது.

அஞ்சலி மெதுவாக எழுந்தாள். கோட்டை மாட்டவில்லை, திறந்தபடியே நின்றாள். அவன் அண்ணாந்து பார்த்தான். அம்மாவின் கோட்டு கழன்றிருந்தது. ஆனாலும் அம்மா வாசலுக்குப் பாதி திரும்பியிருந்தாள். அவன் உதடு நடுங்கியது. சத்யபிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

அலறல் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் ஒரு பீஸைச் சரிபார்க்கிற கோதண்டத்தைப் போல நெற்றியைச் சுருக்கி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஒன்று குறைந்தது. அவனுக்கு மட்டும் தெரிகிற ஒன்று.

கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அஞ்சலி மறுபடி மண்டியிட்டாள். அவன் இரண்டாவது பட்டனைச் சாய்த்து, கைக்கு எட்டிய ஓட்டைக்குள் தள்ளினான். அது மூன்றாவது காஜா. தள்ளினான், மறுபக்கம் இழுத்தான், விட்டான். கோட்டு ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தொங்கி, கோணலாகப் பூட்டிக்கொண்டது.

"டர்ர்ர்ர்… டக்" என்றான் அம்மாவிடம். போய் அதைச் செய் என்பது மாதிரி.

அஞ்சலி ஓடினாள். அவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து காதை வைத்தான். சத்யபிரியாவும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்தாள். முதலில் வெறும் கடல். அப்புறம் ரொம்ப தூரத்தில், நூலிழை மாதிரி, டர்ர்ர்ர். டக்.

"அம்மா" என்றான் விக்கி.

சாயங்காலம் கேட்டில் பெண்கள் கோட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலி அதே கோணலோடு நின்றாள்.

"கோதண்டம் சார் கேட்டாரு மிஸ். 'இன்னாம்மா, கண்ண மூடிக்கினு கோட்டு போட்டியா'ன்னு. மீதி நாலையும் போட்டுக்கினேன், இந்த ஒண்ண மட்டும் மாத்தல. உள்ள வுட மாட்டேன்னாரு. பட்டன் போட்டுதானே கீதுன்னேன்." பெரிய சாகசம் செய்தவள் போலச் சிரித்தாள். விக்கி அவள் இடுப்பில் இருந்தபடி அந்தப் பட்டனை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கேளம்பாக்கம்…?" சத்யபிரியாவால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

"போறோம். மீன் தின்னுட்டு சாயங்காலமே வந்துருவோம், இவங்கப்பாவும் சேத்து மூணு பேரும்." அஞ்சலி புடவைத் தலைப்பால் அவன் மூக்கைத் துடைத்தாள். "செவப்புப் பொட்டிய நான் மறக்கல மிஸ். அது வேற. ஆனா திங்கக்கெழம கோட்டைக் கொண்டாறேன். மீதி நாலு பட்டன் இவன் போடல இல்ல? அதைக் காட்டிக் குடு."

பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் கிடைக்கவில்லை. தொங்கிக்கொண்டே வந்த சத்யபிரியாவின் பையில் அடுத்த வங்கித் தேர்வுக்கான விண்ணப்பமும், மடித்த மெமோவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வாள், தேர்வும் எழுதுவாள். அதற்கு நடுவில் திங்கட்கிழமை ஒன்று வருகிறது. கழற்றுவதைவிடப் போடுவது கஷ்டம். அதில் கைகள் எந்த இடத்தில் வேலையை மாற்றிக்கொள்கின்றன என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, இன்னொரு கையால் பைமூடியின் பட்டனைப் போட முயன்றாள். ஒரு கையால் வரவில்லை.

"தங்கச்சி, அந்தப் பை இன்னும் ரிப்பேர் ஆவலியா?" என்றார் கண்டக்டர்.